பதின்மூன்றாவது தலை

தயாளன் தன் மைத்துனன் ஹரீஷின் வேலை அட்டையைத் தட்டியபோது, இயந்திரம் ஒரு தடவைக்குப் பதிலாக இரண்டு தடவை 'பீப்' என்றது.

சற்று முன் தன் சொந்த அட்டையைத் தட்டியபோது ஒரே ஒரு பீப்தான். மூன்று வருடங்களாக அது ஒரு பீப் இயந்திரம்தான். இன்றைக்குப் பார்த்து ஏன் இரண்டு? இன்னொரு முறை தட்டிப் பார்க்கலாமா என்று கையை நீட்டினான். அதற்குள் பின்னால் யாரோ செருமினார்கள். சட்டென்று அட்டையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தை அன்றுதான் முதன்முதலாகப் படிப்பவன் போல் உற்றுப் பார்த்தான்.

'ஒருவர் அட்டையை இன்னொருவர் தட்டினால், இருவருக்கும் அன்றே வேலை இல்லை. இப்படிக்கு முதலாளி.'

போன மாதம் இரண்டு பேர் அப்படித்தான் வீட்டுக்குப் போனார்கள். முதலாளி ஷேக் அலாவுதீன் மற்ற விஷயங்களில் தங்கமான மனிதர். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரும்பு.

தயாளன் ஒன்றும் தில்லுமுல்லுக்காரன் இல்லை. காலையில் எழுந்தபோது ஹரீஷ் வீட்டில் இல்லை. அவன் அட்டை மட்டும் டிவிக்குப் பக்கத்தில் கிடந்தது. சுபாஷினி அதை எடுத்துக் கணவன் கையில் வைத்தாள்.

"தம்பி எங்கயோ அவசரமா போயிருக்கான். நீங்க தட்டிடுங்க."

"எங்க போனான்?"

"தெரியல. போன் எடுக்க மாட்டேங்கிறான். இந்த வேலையும் போச்சுன்னா மறுபடியும் நம்ம ஹால்லதான் படுத்துக் கிடப்பான். ஆறு மாசம் பார்த்தீங்கதானே? யோசிச்சுக்குங்க."

தயாளன் யோசித்தான். அந்த ஆறு மாதங்களில் ஒரு நாள்கூட டிவி ரிமோட் அவன் கைக்கு வந்ததில்லை. சோபாவின் நடுப்பகுதி ஹரீஷின் உருவத்துக்குக் குழிந்துபோயிருந்தது. முதலாளியின் கையைக் காலைப் பிடித்து அவனுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே தயாளன்தான். வேறு எதையும் யோசிக்காமல் அட்டையை வாங்கிக்கொண்டான்.

"தம்பி."

செருமியவர் தையல்காரர் திருநாவுக்கரசு. அவ்வளவு நீளமான பெயருக்குச் சொந்தக்காரர், ஒரு நாளைக்கு நாலு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். எல்லாருக்கும் முன்னால் வந்து மேல்மாடிக்கு ஏறினால், எல்லாரும் போன பிறகுதான் இறங்குவார். நடுவில் அவர் இருப்பதற்கு ஒரே சாட்சி தையல் மெஷினின் சத்தம்.

"நான் என்ன செய்யணும்?" என்றார் அவர்.

"எதுக்குண்ணே?"

"பொம்பா."

தயாளனுக்கு அப்போதுதான் உறைத்தது. இன்றைக்குக் கடையில் தீயணைப்பு ஒத்திகை. பொம்பா, அதாவது தீயணைப்புப் படை ஆட்கள், ஒன்பதரைக்கு வருகிறார்கள். அது மட்டுமில்லை, கடையின் தீப் பாதுகாப்பு வார்டனே அவன்தான். அந்தப் பதவிக்கு ஆள் தேர்ந்தெடுத்த கூட்டத்துக்கு அவன் ஒருவன்தான் போகவில்லை. போகாதவனைத் தேர்ந்தெடுப்பது என்று போனவர்கள் எல்லாரும் ஒருமனதாக முடிவு செய்தார்கள்.

"நீங்க ஒண்ணும் செய்ய வேணாம்ண்ணே. பொம்பாக்காரங்க என்ன சொல்றாங்களோ அதைச் செய்யுங்க, போதும்."

திருநாவுக்கரசு தலையாட்டிவிட்டு மாடியேறினார்.

லிட்டில் இந்தியாவில், மார்க்கெட் ஸ்திரீட்டில் இருக்கிறது அந்த ஜவுளிக்கடை. கீழே வேட்டி சட்டை, முதல் மாடியில் சேலையும் ஆபீசும், மேல்மாடியில் தையல். மொத்தம் பதினைந்து பேர் வேலை செய்வதாகப் பேர். ஆனால் பதினைந்து பேரும் ஒன்றாக வந்த நாள் ஒன்று உண்டா என்றால் சந்தேகம்தான். தினமும் ஒருவருக்குப் பல்வலி, இன்னொருவருக்குப் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம்.

ஒன்பதரைக்குச் சரியாகச் சிவப்பு லாரி வந்து நின்றது. இறங்கிய அதிகாரியின் பெயர் இர்வான். பினாங்கிலேயே பிறந்து வளர்ந்தவர், நன்றாகத் தமிழ் பேசினார். அது தயாளனுக்கு முதல் ஏமாற்றம். மலாயில் கேட்டால் புரியாதது போல் நடிக்கலாம் என்று ஒரு திட்டம் வைத்திருந்தான்.

எல்லாரையும் கீழே கூட்டி வைத்து இர்வான் பாடம் எடுத்தார்.

"தீ எரியறதுக்கு மூணு வேணும். சூடு, எரியற பொருள், காத்து. இதுல ஒண்ணை எடுத்துட்டீங்கன்னா தீ செத்துப்போகும். உங்க கடையில எரியற பொருளுக்குப் பஞ்சமே இல்ல."

எல்லாரும் சேலை அடுக்குகளைப் பார்த்தார்கள். தயாளன் மட்டும் போனைப் பார்த்தான். ஹரீஷ் இன்னும் எடுக்கவில்லை.

தீயணைப்பானைப் பிடித்துக் காட்ட இர்வான் ஓர் ஆளைக் கேட்டார். டீ போடும் சின்னம்மா முன்னால் வந்தார்.

"முதல்ல இந்தப் பின்னை இழுத்துடுங்கக்கா. குழாயை நெருப்போட அடியில காட்டுங்க. கொழுந்துல இல்ல, அடியில. அப்புறம் பிடியை அழுத்தி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீசுங்க."

"கூட்டற மாதிரியா தம்பி?"

"அதே மாதிரிதாங்கக்கா."

"இதுக்கா இவ்வளவு பேச்சு?" என்று சின்னம்மா அங்கே இல்லாத நெருப்பை மூன்று வீச்சில் கூட்டித் தள்ளினார். எல்லாரும் கைதட்டினார்கள்.

"மணி அடிச்சா ஓடாதீங்க, வேகமா நடங்க. புகை மேல நிக்கும், அதனால குனிஞ்சு போங்க. கடைசியா வர்றவங்க கதவைச் சாத்திட்டு வாங்க, பூட்டாதீங்க. கையில எதையும் தூக்கிட்டு வராதீங்க." இர்வான் தயாளன் பக்கம் திரும்பினார். "இப்ப வார்டனுக்கு. வெளிய எல்லாரும் கூடினதும் தலையை எண்ணாதீங்க. பேரைக் கூப்பிடுங்க. யாரு இல்ல, கடைசியா எந்த மாடியில பார்த்தீங்க, இதை எங்கிட்ட சொல்லணும். ஒரு ஆளு உள்ள இருக்குன்னு நீங்க சொன்னாத்தான் என் பசங்க உயிரைக் கையில பிடிச்சிட்டு உள்ள போவாங்க. எல்லாரும் வந்தாச்சுன்னு கையெழுத்துப் போட்டீங்கன்னா, வெளிய நின்னே தண்ணியைப் பீய்ச்சுவாங்க. புரியுதா?"

"புரியுது சார்," என்றான் தயாளன். பேரைக் கூப்பிடுவது என்ற இடத்திலேயே அவன் மூளை நின்றுபோயிருந்தது. பேரைக் கூப்பிட்டால் ஹரீஷ் பேரும் வரும். ஹரீஷ் பேர் வந்தால் ஹரீஷ் வரமாட்டான். அட்டை வந்திருக்கிறது, ஆள் எங்கே என்று முதலாளி கேட்பார். அதற்கப்புறம் அந்தச் சோபாவில் இரண்டு பேர் படுக்க வேண்டியிருக்கும்.

இர்வான், கயிறு கட்டிய ஓர் அட்டையைக் கையில் சுழற்றிக்கொண்டே மாடிகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வெறுங்கையை வீசிக்கொண்டு இறங்கி வந்தார். "நல்ல கட்டடம்," என்றார். முதலாளியின் காதில் ஏதோ சொன்னார். முதலாளி தாடியைத் தடவிக்கொண்டு சிரித்தார்.

"தயாளா, இன்னைக்கு உன் திறமையைப் பார்க்கத்தான் நான் பேங்குக்குக்கூடப் போகாம இருக்கேன்."

தயாளனும் சிரித்தான். முகம் மட்டும்தான் சிரித்தது.

பத்தே காலுக்கு மணி அடித்தது. புகை இயந்திரம் முதல் மாடியில் வெள்ளைப் புகையைக் கக்கியது. எல்லாரும் நடந்தார்கள், அதாவது ஓடினார்கள். தயாளன் மஞ்சள் மேல்சட்டையும் விசிலுமாகப் புகைக்குள் நின்று, "குனியுங்க! குனியுங்க!" என்று கத்தினான். தானும் குனிந்ததால் யார் போனார்கள் என்று அவனுக்குக் கால்களை வைத்துத்தான் தெரிந்தது.

கூடும் இடம் பக்கத்துச் சந்து. அங்கே பூட்டிக் கிடக்கும் கடை ஒன்றின் அஞ்சடி நடைபாதையில் எல்லாரும் வரிசையாக நின்றார்கள். கடைசியாக வந்த சின்னம்மா கையில் ஒரு பெரிய தட்டு. தட்டு நிறைய டீ.

"அக்கா, எதையும் எடுத்துட்டு வரக்கூடாதுன்னு சொன்னாங்கள்ல?"

"நெருப்புதான் பொய் தம்பி. டீ நிஜம்லா."

அவர் டீயைக் கொடுத்துக்கொண்டே போனார். ஆபீஸ் கிளார்க் ஷாஹிரா கையில் டேப்லெட்டோடு வந்து நின்றாள். அன்றைக்கு அட்டை தட்டியவர்களின் பட்டியல் அதில் இருந்தது.

"அண்ணே, பேரு வாசிக்கட்டா?"

"வேணாம்!" அவன் குரல் சந்தின் மறுமுனைவரை கேட்டது. கொஞ்சம் தணித்துக்கொண்டான். "நம்பரை மட்டும் சொல்லும்மா."

"பதிமூணு."

தயாளன் எண்ணினான். தன்னையும் சேர்த்தே எண்ணினான், அந்த அளவுக்கு அவன் முட்டாள் இல்லை. பன்னிரண்டு.

மறுபடியும் கடைசியிலிருந்து ஆரம்பித்து எண்ணினான். பன்னிரண்டு. ஒரு தலை குறைந்தது. அது யாருடைய தலை என்று அவனுக்கா தெரியாது? அவன் சட்டைப்பையில் அட்டையாக உட்கார்ந்திருந்தது.

"ஒரு டீ மிஞ்சுது தம்பி," என்றார் சின்னம்மா.

"சத்தம் போடாதீங்கக்கா!"

"நான் எண்ணித்தானே ஊத்தினேன். ஒண்ணு மிஞ்சினா ஒரு ஆளு..."

தயாளன் அந்தக் கோப்பையைப் பிடுங்கி ஒரே மூச்சில் குடித்தான். பாலும் இல்லை, சீனியும் இல்லை. நாக்கு கசந்தது. இப்படி ஒரு டீயை யார் குடிப்பார்கள் என்று எரிச்சலாக வந்தது.

"மிஞ்சல. தீர்ந்துடுச்சு."

சின்னம்மா அவனையும் காலிக் கோப்பையையும் மாறி மாறிப் பார்த்தார்.

இர்வான் வந்தார். அவருக்குப் பின்னால் முதுகில் காற்றுச் சிலிண்டரும் முகத்தில் கவசமுமாக இரண்டு வீரர்கள் வெயிலில் நின்றார்கள்.

"வார்டன், எத்தனை பேர்?"

"எண்ணிக்கிட்டே இருக்கேன் சார்."

"எண்ணாதீங்கன்னேனே. பேரைக் கூப்பிடுங்க."

"எனக்கு எல்லார் முகமும் மனப்பாடம் சார். பேரு அவ்வளவா தேவைப்படாது."

"சரி, ஆளு குறையுதா, குறையலையா?"

"குறையற மாதிரி இருக்கு சார். ஆனா குறையல."

இர்வான் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "தம்பி, நிஜத் தீயா இருந்தா இந்நேரம் உள்ள இருக்கிற ஆளு புகையைக் குடிச்சு மயங்கியிருப்பாரு. நிமிஷம்தான் கணக்கு. என் பசங்க உள்ள போகணுமா வேணாமா?"

"ஒரு அஞ்சு நிமிஷம் சார்!"

தூணுக்குப் பின்னால் போய்ப் போனைக் காதில் வைத்தான். இந்த முறை ஹரீஷ் எடுத்துவிட்டான்.

"டேய், எங்கடா இருக்கே?"

"மச்சான், நானே உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தேன். புக்கிட் தெங்கா பேக்டரியில ஒரு இன்டர்வியூ. இப்பதான் முடிஞ்சு பட்டர்வொர்த் வந்து பெரி கப்பல்ல ஏறிட்டேன். நான் இன்னைக்கு..."

"பேசாதே! இறங்கினதும் நேரா கடைக்கு ஓடி வா. பக்கத்துச் சந்துல வந்து என் பின்னால நில்லு."

"ஆனா மச்சான், நான்தான் இன்னைக்கு..."

"வாயைத் திறக்காதே! உன் வாய்தான் நம்ம ரெண்டு பேர் வேலைக்கும் உலை வைக்கப் போகுது. கப்பலை வேகமா ஓட்டச் சொல்லு!"

பெரி யாருக்காகவும் வேகமாகப் போகாது. எப்படியும் இருபது நிமிடம் ஆகும். தயாளன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு வரிசைக்குத் திரும்பினான். நேரத்தைக் கடத்துவதற்காக மறுபடியும் எண்ணினான்.

பதினான்கு.

கண்ணைக் கசக்கிக்கொண்டு எண்ணினான். பதினாறு.

பினாங்கில் நாலு பேர் வரிசையாக நின்றால், அங்கே ஏதோ நல்ல சாப்பாடு கிடைக்கிறது என்று அர்த்தம். அது என்ன சாப்பாடு என்று விசாரிப்பதெல்லாம் வரிசையில் இடம் பிடித்த பிறகுதான். வரிசையின் வாலில் ஒரு சீன அங்கிள் தொப்பியோடு நின்றார். அவருக்குப் பின்னால் கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு குடும்பம். டீ வேறு இலவசமாகக் கொடுத்தால் கேட்க வேண்டுமா?

"செண்டோலா?" என்று அங்கிள் தேங்காய்ப்பால் ஐஸ் இனிப்பை நினைத்து ஆவலாகக் கேட்டார்.

"இல்ல அங்கிள், நெருப்பு!"

"ரொம்பக் காரமா?" என்றார் குடும்பத் தலைவர்.

"வார்டன்," என்று இர்வான் கூப்பிட்டார். "இப்ப எத்தனை?"

"பதினாறு சார்."

"லிஸ்ட்ல பதிமூணுதான்ண்ணே," என்றாள் ஷாஹிரா. "பேரு வாசிச்சுட்டா ஒரு நிமிஷத்துல..."

"வேணாம்னு சொன்னேன்ல!"

இர்வான் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "இருபது வருஷமா இந்த வேலை பார்க்கிறேன். தீயில ஆளு குறைஞ்சு பார்த்திருக்கேன். கூடி இன்னைக்குத்தான் பார்க்கிறேன்."

எதிர்ப்பக்கம் குடைக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த முதலாளி தாடியைத் தடவுவதை நிறுத்தியிருந்தார். தயாளனுக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. இந்த வரிசையைச் சுத்தம் செய்தால்தான் ஹரீஷ் வந்து நிற்கும்போது கணக்கு நேராகும்.

"இங்க சாப்பாடு இல்ல! எல்லாரும் போங்க! போங்க!" என்று கையை வீசிக்கொண்டே வரிசையின் வாலிலிருந்து விரட்டினான். அங்கிள் முணுமுணுத்துக்கொண்டு போனார். குடும்பம் போனது. அவர்களுக்கு முன்னால் கைப்பையோடு நின்ற ஒரு பெண் போகவில்லை.

"உங்களுக்குத் தனியா சொல்லணுமா? போம்மா!"

"அண்ணே, நான்..."

"செண்டோல் அந்தப் பக்கம்! போங்க!"

அந்தப் பெண் கண்கலங்கிப் போய்விட்டாள். தயாளன் திருப்தியாக எண்ணினான். பதினொன்று.

பன்னிரண்டு எங்கே போனது?

"அது ரூபினி அண்ணே," என்றாள் ஷாஹிரா மெதுவாக. "முந்தாநாள்தான் வேலைக்குச் சேர்ந்தாங்க. கீழ் மாடி, சட்டைப் பிரிவு."

எல்லார் முகமும் மனப்பாடம் என்று சொன்னவன் சந்தின் முனைக்கு ஓடினான். ரூபினி செண்டோல் கடையிலேயே போய் நின்றிருந்தாள். கையில் கிண்ணம், கண்ணில் நீர்.

"நீங்கதானேண்ணே போகச் சொன்னீங்க? மூணே நாள்ல வேலையை விட்டு நிப்பாட்டிட்டீங்களேன்னு அம்மாவுக்கு மெசேஜ் போட்டுட்டேன்."

"ஐயோ, நிப்பாட்டலம்மா! அது ஒத்திகை!"

"வேலையை விட்டு எடுக்கிறதுக்குமா ஒத்திகை வைப்பீங்க?"

அவளைச் சமாதானப்படுத்தி, அவள் அம்மாவிடம் போனில் மன்னிப்புக் கேட்டு, அந்த அம்மாள் தன் கணவரிடம் கொடுக்க அவரிடமும் மன்னிப்புக் கேட்டு, செண்டோல் கிண்ணத்தோடேயே கூட்டிக்கொண்டு வருவதற்குள் பதினைந்து நிமிடம் ஓடிவிட்டது. வாழ்க்கையில் முதல்முறையாக நேரம் போனதற்குத் தயாளன் சந்தோஷப்பட்டான். காற்றுச் சிலிண்டர் வீரர்கள் இருவரும் கவசத்தைக் கழற்றிவிட்டுச் சாலையோரமாக உட்கார்ந்துவிட்டார்கள்.

"தம்பி," என்று சின்னம்மா அவன் சட்டையை இழுத்தார். "அந்த டீ..."

"அக்கா, உங்க காலைத் தொட்டுக் கேட்கிறேன். டீயை விடுங்க."

"அது சீனி போடாத..."

"நல்லாத்தான் இருந்துச்சு. விடுங்க!"

அப்போது சந்தின் பின்பக்கமாக ஹரீஷ் ஓடி வந்தான். வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை, கக்கத்தில் ஒரு கோப்பு, தலையில் இன்னும் கழற்றாத ஹெல்மெட். வந்த வேகத்தில் தயாளன் பின்னால் நின்று, இரண்டு முழங்காலையும் பிடித்துக்கொண்டு, பேச முடியாமல் மூச்சு வாங்கினான்.

தயாளன் எண்ணினான். பதின்மூன்று. திரும்ப எண்ணினான். பதின்மூன்றேதான். அவனுக்கு ஹரீஷைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்க வேண்டும் போல் இருந்தது.

"சார்! பதிமூணு சார்! பதிமூணுக்குப் பதிமூணு!"

இர்வான் வந்து ஹரீஷைத் தலை முதல் கால்வரை பார்த்தார். "இவரு யாரு?"

"நம்ம ஆளுதான் சார். சேலைப் பிரிவு. இப்பதான் பின்வாசல் வழியா வெளிய வந்தாரு."

"இவ்வளவு நேரமா உள்ள இருந்தாரா? புகைக்குள்ளயா?"

தயாளன் இதை யோசித்திருக்கவில்லை. ஆனால் வார்த்தை வெளியே போய்விட்டது. "ஆமா சார்."

"ஹெல்மெட் போட்டுக்கிட்டா?"

"பாதுகாப்புல அவனுக்கு ரொம்ப அக்கறை சார்."

இர்வான் திரும்பிக் கையைக் காட்டினார். அவர் ஆட்கள் துள்ளி எழுந்தார்கள். இவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஒரு வேலை கிடைத்த ஆனந்தம். ஹரீஷைத் தரையில் உட்கார வைத்து, ஹெல்மெட்டைக் கழற்றி, டையைத் தளர்த்தி, முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க்கைப் பொருத்தினார்கள். புகைக்குள் அவ்வளவு நேரம் இருந்தவன் நன்றாக இருப்பது போல் தெரிந்தாலும் விடக்கூடாது, அதுதான் முறை.

"மச்சான், நான் இன்னைக்கு..." என்று ஹரீஷ் மாஸ்க்குக்குள்ளிருந்து கத்தினான். வெளியே 'ம்ம்ம்' என்று மட்டும்தான் கேட்டது.

"பேசாதீங்க, மூச்சை நல்லா இழுங்க," என்று ஒரு வீரர் அவன் நெஞ்சைத் தடவிக்கொடுத்தார்.

"ஆமா, பேசாதே!" என்றான் தயாளன்.

இர்வான் ஒரு தாளையும் பேனாவையும் நீட்டினார். 'கட்டடத்துக்குள் யாரும் இல்லை என உறுதி செய்கிறேன்' என்று அதில் இருந்தது.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க வார்டன். உள்ள யாருமே இல்ல?"

"இல்ல சார்."

"மூணு மாடியிலயும்?"

"ஒரு ஈ காக்காகூட இல்ல சார்."

"நீங்க பொறுப்பு எடுத்துக்கிறீங்க?"

"முழுப் பொறுப்பு சார்."

எதிர்ப்பக்கத்தில் முதலாளி நாற்காலியை விட்டு எழுந்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். இர்வான் அவரைப் பார்த்துக் கண்ணால் அடக்கினார். தயாளன் கையெழுத்துப் போட்டான். வழக்கமாகத் தன் பெயரின் பாதியைத்தான் கிறுக்குவான். அன்று மகிழ்ச்சியில் அப்பா பெயரையும் சேர்த்து முழுசாக எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டான்.

வேலை தப்பியது. சோபா தப்பியது. சுபாஷினியிடம் இன்றிரவு ரிமோட்டை உரிமையோடு கேட்கலாம்.

வீரர்கள் ஹரீஷின் மாஸ்க்கைக் கழற்றினார்கள். அவன் முதல் மூச்சிலேயே கொட்டினான்.

"மச்சான், எத்தனை தடவை சொல்ல வர்றேன்! நான் இன்னைக்கு லீவு! நேத்து ராத்திரியே ஷாஹிராகிட்ட கேட்டு வாங்கிட்டேன். இன்டர்வியூ விஷயம் அக்காவுக்குத் தெரிய வேணாம்னுதான் வீட்டுல சொல்லல. என்னை எதுக்கு ஓடி வரச் சொன்னீங்க?"

தயாளன் சிரித்தான். அவனுக்கு விளங்கவில்லை, அதனால் சிரித்தான்.

"ஆமாண்ணே," என்றாள் ஷாஹிரா. "லீவு போட்டவங்க கார்டை யாராவது தட்டினாலும் மெஷின் ஏத்துக்காது, ரெண்டு தடவை கத்தும். காலையில ஒரு தடவை அப்படிக் கத்துச்சு. யாருன்னுதான் தெரியல. நான் சொன்ன பதிமூணுல ஹரீஷ் இல்லையே. பேரு வாசிக்கிறேன், வாசிக்கிறேன்னு சொன்னேன்ல?"

முதலாளியின் பார்வை மெதுவாகத் தயாளனின் சட்டைப்பைக்கு வந்தது. அதில் ஹரீஷின் படம் போட்ட அட்டை பாதி வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

தயாளன் அதைக் கவனிக்கவில்லை. அவன் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். ஹரீஷ் இல்லாமலே பதின்மூன்று. வரிசையில் இருந்தது பன்னிரண்டு. அப்படியானால்...

"அப்ப குறைஞ்சது யாரு?"

இர்வான், அவன் கையெழுத்துப் போட்ட தாளை மடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். முதலாளியும் பார்த்தார். மேல்மாடி ஜன்னல் கிறீச்சென்று திறந்தது. கழுத்தில் 'படுகாயம்' என்று எழுதிய அட்டையோடு தையல்காரர் திருநாவுக்கரசு தலையை வெளியே நீட்டி, பல நாள் சேர்த்து வைத்த வார்த்தைகளையெல்லாம் ஒன்றாகச் செலவழித்தார்.

"சின்னம்மா, என்னைத் தூக்கத்தான் யாரும் வரல, என் சீனி போடாத டீயையாவது மேல கொடுத்தனுப்பச் சொல்லு!"